வட்டமா, கோடா, நட்சத்திரமா

நாரின் என்கிற மலையூரின் உயர்நிலைப் பள்ளியில் வடிவக்கணிதம் சொல்லிக்கொடுக்கிற கனிஷாய்க்கு, தனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் வேலி போட்டால் கோணம் சரியில்லை என்பாள். விருந்து வீட்டில் ஆட்டுக்கறியைப் பங்கு போட்டால், எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகவேண்டும் என்று பின்னால் நின்று திருத்துவாள். பிற்பாடு இதையெல்லாம் அவளே சொல்லிச் சிரிப்பாள். "எனக்கு வாய் முதல்ல வந்துடும், மூளை அடுத்த பஸ்ல வரும்" என்பாள். அந்தக் குளிர்காலத்தில் அந்த அடுத்த பஸ் வந்து சேரக் கொஞ்சம் கூடுதலாகவே தாமதமாகிவிட்டது.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் இளம் டாக்டரம்மா பள்ளிக்கு வந்தாள். பெண் ஆசிரியர்களை மட்டும் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்து, மார்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று தாங்களே எப்படித் தடவிப் பார்த்துக்கொள்வது என்று விளக்கினாள். ரப்பரில் செய்த மார்பு ஒன்றும் பையில் கொண்டுவந்திருந்தாள். அதை மேஜைமேல் வைத்ததும் ரஷ்ய மொழி டீச்சர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டு டீச்சர் சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கனிஷாய் மட்டும் முன்வரிசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அக்குளில் ஆரம்பித்து, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, உழவுச்சால் போட்ட மாதிரி நெஞ்செலும்பு வரை நேர்நேராகத் தடவிக்கொண்டே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது கனிஷாய்க்குப் புல்லரித்துப் போனது. இணைகோடுகள்! இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி கேட்ட பாடம், கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்கு ஆகிறது.

அந்தச் சனிக்கிழமை ஊர்க் குளியல்கூடத்தில் அவள் வாய் ஓயவில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய பொழுது அது. வெளியே எச்சில் துப்பினால் உறைந்துபோகிற குளிர். உள்ளே ஆவி மூட்டத்தில் பக்கத்தில் இருப்பவள் முகம்கூடத் தெரியாது. எப்போதும்போல அவளோடு இரண்டு பேர். ஒருத்தி உல்கான். சின்ன வயசிலிருந்து கூடப் படித்தவள், நர்ஸ் படிப்புப் படித்துவிட்டு இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இன்னொருத்தி சத்கின். பல வருஷம் மாஸ்கோவில் ஆஸ்பத்திரித் தரை துடைத்துச் சம்பாதித்த பணத்தில் சிகையலங்காரக் கடை திறந்தவள்.

கனிஷாய் தன் உழவுச்சாலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் உல்கான் குறுக்கே வந்தாள்.

"கோடும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது. வட்டம்டி. காம்புல ஆரம்பிச்சு சுத்திச் சுத்திப் பெருசாக்கிக்கிட்டே வெளிய வரணும். எங்க நர்ஸ் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. சோவியத் காலத்துப் படிப்பு, லேசுல தப்பாகாது."

"சோவியத்தே காணாமப் போயாச்சு, உன் வட்டம் மட்டும் நிக்குமா?" என்றாள் கனிஷாய்.

சத்கின், ஆவிக்குளியலில் எல்லாரும் செய்கிற மாதிரி, தன் முதுகில் பிர்ச் மர இலைக் கட்டால் அடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் தெரியல. மாஸ்கோவுல ஒரு நர்ஸம்மா எனக்குக் காட்டிக்குடுத்தா. நட்சத்திரம் மாதிரி. காம்புலேருந்து வெளிய, அங்கேருந்து திரும்ப உள்ள. வெளிய, உள்ள. வட்ட ரொட்டியத் துண்டு போடறோம்ல, அந்த மாதிரி."

கனிஷாய் சோப்பை எடுத்தாள். ஈரச் சுவரில் மார்பு ஒன்றை வரைந்தாள். "இங்க பாருங்க. மார்புங்கறது பந்து இல்ல. அக்குள் பக்கம் அதுக்கு ஒரு வால் நீளுது. உல்கானோட வட்டம் அந்த வாலத் தொடுதா? தொடல. சத்கினோட நட்சத்திரம், நடுவுல நெருக்கமா இருக்கு, ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி விரியுது. அந்த இடைவெளியில ஒரு கட்டி கூடாரமடிச்சுக் குடும்பமே நடத்தலாம். கோடு போட்டா ஒரு இடம் தப்பாது."

"அடேயப்பா, மாரு மேல பரீட்சை வைக்கிறா" என்றாள் ஆவிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி. கூடமே சிரித்தது. கனிஷாய் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

சண்டை வெளியே வந்தும் ஆறவில்லை. மறுநாள் உல்கான் வீட்டில் தேநீருக்குக் கூடியபோது, நேரடியாகப் போட்டி வைத்துவிடலாம் என்று சத்கின்தான் யோசனை சொன்னாள். போர்சோக் என்கிற சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள் பொரிப்பதற்குச் சத்கின் பிசைந்து கொடுத்த மாவு ஒரு பெரிய அண்டாவில் இருந்தது. அதில் ஒரு கவளத்தை எடுத்து உருட்டி, உல்கானின் பழைய பாடிக்குள் அடைத்தார்கள். ஒருத்தி காய்ந்த பட்டாணியை மாவுக்குள் ஒளித்துவைக்க வேண்டும், மற்ற இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அவரவர் வழியில் தேட வேண்டும், பிறகு முறை மாற வேண்டும். உல்கானின் புருஷன் வாசல்வரை வந்தவன், மேஜைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்படியே திரும்பிப் போனான்.

போட்டியில் கனிஷாய் ஜெயித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். வட்டத்துக்குத் தப்பி ஓரத்தில் கிடந்த பட்டாணிகள் கோட்டுக்குத் தப்பவில்லை. நட்சத்திரம் அவசரப்பட்டுச் சிலதை விட்டுவிட்டது. அத்தோடு எழுந்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஆனால் கண்கட்டை அவிழ்க்காமலே, "இன்னொண்ணு இருக்கு, ஆழத்துல" என்று அவள் அறிவித்தாள்.

"இல்லடி, அவ்வளவுதான் வெச்சேன்" என்றாள் சத்கின்.

"இருக்கு. என் விரல் பொய் சொல்லாது."

மாவைக் குடைந்து வெளியே எடுத்துப் பார்த்தால், சரியாகக் கலக்காத கோதுமை மாவுக் கட்டி. சத்கினுக்கு வந்ததே கோபம்: "என் பிசையலையே குத்தம் சொல்றியா நீ?" மாவை வீணாக்க மனம் வராமல் உல்கான் அதையும் சேர்த்துப் பொரித்துவிட்டாள். சாயங்காலம் அவள் புருஷன் பட்டாணி கடித்துப் பல் வலிக்கக் கத்தியபோது, எடுக்கப்படாமல் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது தெரியவந்தது. அது யார் முறையில் தப்பியது என்பதை மட்டும் கனிஷாய் கடைசிவரை விவாதத்துக்கு எடுக்கவிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வெற்றி பெற்றவளின் தோரணையில் குளியல்கூடத்துக்குப் போனாள். விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது. பாட்டு டீச்சர்கூட வெட்கத்தை விட்டு, "டீச்சர், அத ஒரு தடவ பண்ணிக் காட்டுங்களேன்" என்று கேட்டாள்.

"நீ வீட்ல பண்றதுண்டா?" என்று உல்கான் இடையில் கேட்டாள்.

"மாசா மாசம்" என்றாள் கனிஷாய்.

அது பச்சைப் பொய். ஒரு தடவைகூடச் செய்ததில்லை. ஏன் என்று பிற்பாடு தன்னையே கேட்டுப் பார்த்தாள். பாடம் நடத்துகிறவள் பரீட்சை எழுதுவாளா என்ன, என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பதில்.

ஆக, பெஞ்சுமேல் ஏறி நின்றாள். ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு, தொங்குகிற வயிறு, தலையில் துண்டு. இடது கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலது கையில் சோப்பு நுரை. "மூணு விரல். நுனியில குத்தக் கூடாது, நுனிக்குக் கீழ மெத்துனு இருக்குல்ல, அந்த இடம். ஒவ்வொரு இடத்துலயும் மொதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் விலா எலும்பு தட்டற வரைக்கும். விரல தூக்கவே கூடாது. ஒரு கோடு முடிஞ்சா பக்கத்துலயே அடுத்த கோடு. ரெண்டுக்கும் நடுவுல சந்து விடக் கூடாது." வகுப்பறைக் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. அக்குளிலிருந்து முதல் கோடு இறங்கியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதில், மேலே வெளிப்பக்கமாக, விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று கெட்டியாக நின்றது.

முதலில் அவளுக்கு வந்த நினைப்பு: சத்கின் எப்போது இங்கே பட்டாணி வைத்தாள்?

அதற்குப் பிறகு எந்த நினைப்பும் வரவில்லை. வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "இந்த மாதிரி... பொறுமையா... அவசரப்படாம..." கை அந்த இடத்திலிருந்து சட்டென்று விலகி, அடுத்த கோட்டையும் விட்டுவிட்டு, காம்புக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. மீதியை வேகவேகமாக முடித்தாள். பெண்கள் கை தட்டினார்கள். பெஞ்சிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. உல்கான் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல தாவிட்ட" என்றாள் உல்கான், யாருக்கும் கேட்காமல்.

"தாவல."

"தாவின. நான் பாத்தேன்."

"உன் கண்ணுல சோப்பு."

திங்கட்கிழமை கனிஷாயின் புருஷன் துருஸ்பெக் வழக்கம்போல விடியலிலேயே வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நாரினுக்கும் பிஷ்கெக்குக்கும் நடுவே ஆள் ஏற்றிப் போவது அவன் தொழில். கனிஷாய் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கதவைத் தாழிட்டு, தோளுக்கடியில் தலையணை வைத்து மல்லாந்து படுத்தாள். கோடு போட்டுப் பார்த்தாள். இருந்தது.

சரி, கோட்டில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று யோசித்தாள். இத்தனை நாள் உல்கானைக் கேலி செய்தது கொஞ்சம் அதிகப்படிதான், வட்டத்திலும் ஏதோ நியாயம் இருக்கும். வட்டம் போட்டுப் பார்த்தாள். வட்டம் சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் முட்டியது. பிறகு, மாஸ்கோ பெரிய ஊர், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாததா, என்று நட்சத்திரத்துக்குத் தாவினாள். வெளியே, உள்ளே. வெளியே, உள்ளே. ஒரு கதிரின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது, அசையாமல், அவளுக்காகவே காத்திருந்த மாதிரி. மூன்று பேரும் நாள்கணக்கில் அடித்துக்கொண்ட மூன்று வழிகளும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே முடிவுக்கு வந்தன.

எந்த வழி அதிகமாகக் கண்டுபிடிக்கும் என்று போட்டி வைத்தவள், இப்போது எந்த வழியில் ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்று தேட ஆரம்பித்தாள். கரும்பலகையில் கையைத் தூக்கித் தூக்கி எழுதியதில் தசை இறுகியிருக்கும் என்று ஒருநாள் முடிவுகட்டினாள். எழுதுவது வலது கை, கட்டி இடது பக்கம். அப்படியானால் கரி வாளி தூக்கியதால் இருக்கும். பிறகு, மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்துத்தான் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது வசதியாக நினைவுக்கு வந்தது. அவளுக்கு மாதவிலக்கு நினைத்தபோது வரும், நினைத்தபோது வராது. அது வரட்டும், போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று வைத்தால் வசந்தகாலம்வரை நிம்மதியாக இருக்கலாம். ஒருநாள் கம்பளிச் சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. நாலாவதாகத் தான் கண்டுபிடித்த முறைதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று அன்றைக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த பிறகுதான், விடை தப்பாக வந்ததும் கேள்வியை அழிக்கிற பையன்களை எத்தனை முறை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

சனிக்கிழமை வந்தது. சளி என்று சொல்லிக் குளியலுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சளி. அன்று மத்தியானம் ஒரு கிண்ணம் பாலாடையோடு உல்கான் வந்துவிட்டாள். குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"சளின்னா மூக்கு எங்க ஒழுகுது?"

"உள்ளுக்குள்ள ஒழுகுது."

"கனிஷாய், மேல் சட்டையக் கழட்டு."

"எதுக்கு? வட்டம் போடவா? உன் வட்டத்துக்கு அது தட்டுப்படாதுன்னுதானே பந்தயத்துல தோத்த—" சொல்லிவிட்டு நிறுத்தினாள். 'அது' என்று சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த வாய்!

உல்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இருக்கு."

"பட்டாணியளவு. சின்னப் பட்டாணி. ஊறவைக்காதது."

"எத்தன நாளா?"

"குளியல்கூடத்துலேருந்து."

"அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். அன்னிக்கே உன் முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். நானும் உன்ன மாதிரியே பயந்தாங்கொள்ளியா ரெண்டு வாரம் கடையில உக்காந்திருந்தேன்." உல்கான் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாக் கட்டியும் அதுவா இருக்காது. பாதிக்கு மேல ஒண்ணுமில்லாத கட்டிதான். ஆனா அத நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. கிளம்பு, பிஷ்கெக் போவோம்."

"அவருக்குத் தெரிஞ்சா..."

"அவர் வண்டியில போகலாமா?"

"பைத்தியமா உனக்கு? ஒண்ணுமில்லன்னு ஆனதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

பள்ளிக்கு அப்போது லீவு. ஆக, வேறொருவனின் வாடகைக் காரில் கிளம்பினார்கள். அந்த டிரைவர் துருஸ்பெக்கின் சிநேகிதன். எங்கே இவ்வளவு தூரம் என்று கேட்டதும் கனிஷாய் யோசிக்காமல், "கணக்கு ஒலிம்பியாட். நான் நடுவர்" என்றாள். உல்கான் எதற்கு என்று அவன் கேட்க, "அவ உதவி நடுவர்" என்றாள். மருந்துக்கடைக்காரி கணக்கு ஒலிம்பியாடில் என்ன உதவி செய்வாள் என்ற குழப்பத்தோடே அவன் தொலோன் கணவாய் ஏறி இறங்கினான். உல்கான் வழி முழுக்கச் சன்னலைப் பார்த்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். பாதியில் அது சிரிப்பா அழுகையா என்று கனிஷாய்க்குச் சந்தேகம் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நரைத்த தலையோடு, தூக்கம் கெட்ட கண்களோடு இருந்தாள். கனிஷாய் சட்டையைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் கோடு முறையில பாத்தேன் டாக்டர். அப்புறம் சரிபார்க்க வட்டத்துலயும் பாத்தேன், நட்சத்திரத்துலயும் பாத்தேன். என் அபிப்பிராயத்துல கோடுதான் —"

"கைய மேல தூக்குங்க" என்றாள் டாக்டர். விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போயின. பிறகு மற்ற பக்கம், அக்குள், காறை எலும்புக்கு மேலே. எந்த முறை என்று கனிஷாய் கூர்ந்து பார்த்தாள். மூன்றும் கலந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து கேட்டேவிட்டாள்.

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள். "கோட்டுல போனா இடம் விட்டுப்போகாம பாக்கறது சுலபம். அதனாலதான் இப்ப அதச் சொல்லிக்குடுக்கறோம். ஆனா உங்க கைக்கு எது பழகுதோ அதப் பண்ணுங்க. உங்க மாரு எப்பவும் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், மாறினா உடனே வரணும். கட்டி மட்டும் இல்ல, தோல் சுருங்கினாலும், காம்பு உள்ள இழுத்தாலும் வரணும். வெறும் கைய நம்பியும் இருந்துடக் கூடாது, உங்க வயசுக்குப் படம் எடுத்துப் பாக்கணும். கண்டுபிடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

கனிஷாய் தரையைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளைகள் இப்படித்தான் பார்ப்பார்கள். "கொஞ்ச நாளாச்சு."

"மூணு முறையில பாத்தீங்களே, அந்த நாளெல்லாமா?"

"கம்பளிச் சட்டைக்கு மேலயும் ஒரு தடவ பாத்தா" என்றாள் உல்கான் மூலையிலிருந்து. காரில் வாய் தவறி அவளிடம் சொன்னது. துரோகி.

படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரச் சில நாளாகும் என்றார்கள். ஊருக்குத் திரும்பினாள்.

அன்று மாலை துருஸ்பெக் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே கேட்டான்: "ஒலிம்பியாட் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சுங்க. பிள்ளைங்கல்லாம் கெட்டிக்காரங்க."

"பள்ளிக்கூடம் லீவுல இருக்கும்போது எந்தப் பிள்ளைங்க?"

அவள் கரண்டியை வைத்தாள். எந்த முறையில் சொல்வது என்று ஒருகணம் பார்த்தாள். சுற்றிச் சுற்றி வரலாம், கொஞ்சம் சொல்லிவிட்டுப் பின்வாங்கலாம். கடைசியில் நேராகவே சொன்னாள். துருஸ்பெக் எழுந்து வெளியே போனான். முற்றத்தில் வேன் உறுமுகிற சத்தம் கேட்டது. எங்கேயும் போகவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. கண் சிவக்க உள்ளே வந்தான்.

"உல்கானுக்குச் சொல்லியிருக்க. எனக்குச் சொல்லல."

"நீங்க அழுவீங்கன்னுதான்."

"என் பொண்டாட்டிக்காக நான் அழறதுக்குக்கூட உன் அனுமதி வேணுமா? அதுக்கும் மார்க் போடுவியா?" என்றான். அப்புறம் குரல் தணிந்து, "எப்பப் போகணும்னு சொல்லு. வண்டிக்கு எண்ணெய் மாத்தணும்" என்றான்.

முடிவு வந்தது. அதுதான். ஆனால் சின்னது, பரவவில்லை. மார்பை முழுக்க எடுக்கவேண்டியதில்லை, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்று நரைத்த டாக்டர் சொன்னாள். அன்று அந்த அறையில் கனிஷாயிடம் ஒரு கேள்விகூட இல்லை. டாக்டருக்கே கவலையாகிவிட்டது. "ஏதாவது கேளுங்க டீச்சர்" என்றாள். கனிஷாய் யோசித்து, "நான் செத்துடுவேனா?" என்று கேட்டாள். வாயும் மூளையும் அன்றைக்கு ஒரே பஸ்ஸில் வந்திருந்தன.

"எல்லாரும்தான். ஆனா இதனால இப்ப இல்லன்னுதான் நான் நம்பறேன்" என்றாள் டாக்டர்.

அறுவை முடிந்து கட்டு அவிழ்த்தபோது தையல் நேர்கோடாக இல்லை, மார்பின் ஓரமாக வளைந்து போயிருந்தது. பார்க்க வந்த உல்கான் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். "கடைசியில டாக்டரே வட்டத்துக்கு வந்துட்டா பாத்தியா" என்றாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று கனிஷாய் தலையணையைக் கடித்துக்கொண்டாள். அவள் அழுததும் உண்டு. மயக்க மருந்து தெளிந்த அன்று, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, துருஸ்பெக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, வெகுநேரம் அழுதாள். அதைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை.

கதிர்வீச்சுக்காகச் சில வாரம் பிஷ்கெக்கில் தங்கை வீட்டில் தங்கவேண்டியிருந்தது. பாப்ளர் மரங்கள் துளிர்விட ஆரம்பித்திருந்த ஒரு காலையில் சத்கின் போன் செய்தாள். எப்போதும் கூவுகிறவள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசினாள்.

"எனக்கும் ஒண்ணு தட்டுப்படுதுடி. வலது பக்கம்."

கனிஷாய் போனை மறு காதுக்கு மாற்றினாள். "எந்த வழியில பாத்த?"

"வழியாவது மண்ணாவது. நான் என்னிக்குடி பாத்தேன்? மாஸ்கோவுல அந்த நர்ஸம்மா சொன்னப்ப தலைய ஆட்டினதோட சரி. உனக்கு இப்படி ஆனதும்தான் பயந்துபோய்த் தொட்டுப் பாத்தேன். சோப்பு போட்டேன், கை பட்டுச்சு, அவ்வளவுதான்."

நட்சத்திரத்துக்காக அத்தனை பேச்சுப் பேசியவள்! சொல்வதற்குக் கனிஷாய்க்கு எவ்வளவோ இருந்தது. வாய் திறந்தேவிட்டது. திறந்த வாயில், "எந்த வண்டியில வர?" என்பதுதான் வந்தது.

"வரணுமா? உல்கான் கிட்டக் காட்டினா போதாதா?"

"துருஸ்பெக் நாளைக்கு விடியக்கால கிளம்பறாரு. முன்சீட்டுல உக்காந்து வா. ஏன் போறேன்னு யாராவது கேட்டா உண்மையச் சொல்லு. ஒலிம்பியாட்னு மட்டும் சொல்லாத, அது செல்லாது."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்கினின் நகப்பூச்சு அரைகுறையாகச் சுரண்டப்பட்டிருந்தது. வழியெல்லாம் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து இரண்டடி போனவள் திரும்பி வந்து, "நீயும் வா" என்றாள். கனிஷாயும் உள்ளே போனாள். ஓரமாக நின்றாள். டாக்டர் தடவிப் பார்க்கும்போதும், திரையில் படம் ஓடும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு உடம்பு வலிக்கிற வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நீர் கோத்த வெறும் பை. ஒன்றும் செய்யவேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து காட்டினால் போதும்.

சத்கின் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனைக் கடையில் மந்தி என்கிற, கறி வைத்து ஆவியில் அவித்த கொழுக்கட்டை வாங்கி, ஆவி பறக்கப் பறக்க, கை சுட, கொழுப்பு முழங்கைவரை வழியத் தின்றாள். கனிஷாயின் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றாள். துருஸ்பெக் வேனிலிருந்து ஹாரன் அடித்தான். நாரினுக்குத் திரும்புகிற ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சத்கின் வாயைத் துடைத்தபடி ஓடிப்போய் முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "கறியில உப்பு கம்மி!" என்று கத்தினாள். வேன் கிளம்பியது. கனிஷாய் மணி பார்த்தாள். கதிர்வீச்சுக்கு நேரமாகிவிட்டது. தெருவைக் கடந்து ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.